பத்து

அளவு நாடாவின் நுனிக் கொக்கி உடைந்திருந்தது.
அதனால் பத்திலிருந்து பிடித்தேன்.
பத்தில் தொடங்கியவள்
முடிவில் பத்தைக் கூட்டியிருக்க வேண்டும்.
கூட்டவில்லை.

இருநூற்று நாற்பது என்று நினைத்து அறுத்த தூண்
இருநூற்று முப்பதாய்
காலடியில் கிடந்தது.
சாக்ஸுக்குள் மரத்தூள் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தவன் ரூபேந்திரன்.
பிறகு ஹஸ்வானி. பிறகு வெய் ஷின்,
அவள் சிரிப்பு எப்போதும் ஒரு நொடி பிந்தி வரும்.
அன்றிலிருந்து என் பெயர் பத்து.
மலாய்க்காரப் பிள்ளைகள் காதில் அது கல்.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பினேன்.

ஸ்தாப்பாக்கில், பள்ளிக் கேன்டீனுக்கும்
பெரிய சாக்கடைக்கும் நடுவே
யாரும் குடிவரப்போகாத ஒரு வீடு
எங்களுக்குப் பாடம்.
புது மெராந்திக்குப் பணம் அடுத்த மாதம்தான்
என்று சொல்லிவிட்டு ஆசிரியை கூட்டத்துக்குப் போனார்.

மற்ற மூன்றையும் வெட்டிவிடலாம் என்றான் ரூபேந்திரன்.
அப்புறம் வாசலில் என் தலைதான் இடிக்கும் என்றாள்
எங்களில் உயரமான வெய் ஷின்.
ஹஸ்வானி பேசவில்லை.
பிஸ்கட் டின் ஒன்றைத் தகரக் கத்தரியால் பிளந்து
அச்சாக வளைத்தாள்.
அதற்குள் சிமெண்ட் ஊற்றினோம்,
சரியாகப் பத்து சென்டிமீட்டர்.
எங்கள் வீட்டின் ஒரு கால்
முக்காலி மேல் நின்றது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
வீட்டைக் கட்டிப் பார் என்று தொடங்கி
மீதிப் பழமொழியை
ஆறிப்போன காப்பியோடு விழுங்கிவிட்டாள்.
செந்தூலில் பதின்மூன்றாவது மாடி எங்களுடையது.
சுவரில் ஆணி இறங்காது, வளையும்.
காலண்டர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

உளி அப்படி இல்லை.
தட்டத் தட்ட மரம் வழிவிட்டது.
உத்தரத்தில் துளை, தூணில் முளை,
முதல் தடவை இறுக்கமாய்ப் போய் உட்கார்ந்தபோது
ஒரு சத்தம் வந்தது,
டப்பா மூடுவதுபோல.
அதைக் கேட்கவே இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.

கைமரம் ஏற்றிய நாள்
கூரை முகட்டில் கால் தொங்க உட்கார்ந்தேன்.
பெரிய காட்சி ஒன்றுமில்லை,
எதிரே மாணவிகள் கழிப்பறை ஜன்னல்,
கொஞ்சம் மழை மேகம்.
ஆனால் என் தலைக்கு மேலே
யாரும் நாற்காலி இழுக்கவில்லை.

தேர்வாளர் புத்ராஜெயாவிலிருந்து வந்தார்.
ரசமட்டத்தை ஒவ்வொரு சட்டத்திலும் வைத்தார்.
குமிழி யோசித்து யோசித்து நடுவுக்கு வந்தது.
நான்காவது தூணருகே குந்தினார்.
இது மட்டும் ஏன் உயரம்?

தரை சரிவு, ஐயா, என்று சொல்ல
நேற்றே பேசி வைத்திருந்தோம்.
ரூபேந்திரன் வாயைத் திறந்துவிட்டான்.
பத்தைக் கூட்ட மறந்துவிட்டேன் என்றேன் நான்.
அவர் எழுதினார்.
ரொம்ப நேரம் எழுதினார்.
பேனா மூடியைப் போட்ட பிறகு
மறுபடி கழற்றி இன்னொரு வரி எழுதினார்.

பதினோரு வாரம் கட்டியதை
ஒன்றரை நாளில் பிரித்தோம்.
அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு மரம் வேண்டுமே.
முகட்டுச் சட்டத்தின் அடியில், இதுவரை நாங்கள் பாராத இடத்தில்,
பழைய பென்சில் எழுத்து:
ஃபைசால் இன்றும் வரவில்லை. மழை.
யார் ஃபைசால், அப்புறமாவது வந்தானா,
தெரியவில்லை.

என் தூணின் முளையில் நானும் எழுதினேன்.
இது 230. அடிக்கல்லைத் தூக்குங்கள்.
மலாயில் ஓர் எழுத்தை ஹஸ்வானி திருத்தினாள்.
வெய் ஷின் சீனத்தில் ஏதோ சேர்த்தாள்,
கேட்டால் சொல்ல மாட்டாள்.

அன்று மின்தூக்கி பழுது.
பதின்மூன்று மாடியும் ஏறி
அதே நாடாவை எடுத்தேன்.
நாங்கள் ஐந்து பேர் படுக்கும் அறையை
சுவரிலிருந்து சுவர்வரை பிடித்தேன்.
தம்பி பத்தாம் எண்ணில் விரலை வைத்துக்கொண்டான்.
முந்நூற்றுப் பத்து என்று கத்தினான்.
முந்நூறு என்று எழுதிக்கொண்டேன்.